மரபுத் தொடர்களும் அவற்றின் சாட்சிகளும்

தனிச்சொல்லின் பொருளை அகராதி காட்டிவிடும். சொற்கள் கூடி நின்று வேறொரு பொருளைத் தரும் மரபுத் தொடரை அவ்வாறு அறிந்துவிட இயலாது. 'கம்பி நீட்டினான்' என்று நாம் சொல்லும்போது அங்கே கம்பியுமில்லை, நீட்டுதலும் இல்லை. 'காது குத்துகிறான்' என்னும்போது ஊசியுமில்லை, பொற்கொல்லனுமில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் இவற்றைக் கேட்டுத் திகைப்பது இயல்பு. அத்தகைய திகைப்பே ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்க்கும் நேர்கிறது. அவர்களின் திகைப்பைத் தீர்க்க எழுந்த துணைநூல்கள் பல. அவை ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பொருளைச் சொல்லி, அதன் பின்னே ஒரு கதையையும் சொல்லும். பொருள் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கதைகளோ அவ்வாறில்லை. பொருளைக் கற்ற மாணவன் கதையையும் வரலாறு என்றே நம்பி ஏற்கிறான். நாம் ஈண்டு ஆராயப் புகுவது இக்கதைகளையே.

அரபு மொழியின் பழமொழி ஆய்வாளர்கள் இத்துறையில் ஒரு நுட்பமான பாகுபாட்டைச் செய்து வைத்துள்ளனர். ஒரு பழமொழி முதன்முதலில் பிறந்த நிகழ்ச்சியை அவர்கள் 'மவ்ரித்' என்பர். பின்னாளில் அது எந்தெந்த நிலைக்கு எடுத்தாளப்படுகிறதோ அதனை 'மழ்ரிப்' என்பர். முன்னது பிறப்பிடம்; பின்னது பயன்படும் இடம். ஹிஜ்ரி 518இல், அதாவது கி.பி. 1124இல், நைசாப்பூரில் மறைந்த பேரறிஞர் அல்-மைதானி தொகுத்த 'மஜ்மவுல் அம்தால்' என்னும் பெருநூலில் இவ்விரண்டும் அருகருகே வைத்து விளக்கப்படுவதைக் காணலாம்.

சான்றாக ஒன்றைக் கூறுவோம். வெறுங்கையோடு திரும்பியவனைக் குறித்து 'ஹுனைனின் காலணிகளோடு திரும்பினான்' என்பர் அரபிகள். ஹீரா நகரத்துக் காலணித் தொழிலாளியான ஹுனைனிடம் பாலைநிலத்து அரபி ஒருவர் நெடுநேரம் பேரம் பேசி, ஒன்றும் வாங்காமலே எழுந்து போனார். சினமுற்ற ஹுனைன் அவருக்கு முன்னரே சென்று, ஒரு காலணியை வழியில் ஓரிடத்திலும் மற்றொன்றை இன்னும் தொலைவிலும் போட்டுவிட்டு மறைந்திருந்தார். முதற் காலணியைக் கண்ட அரபி, இணையில்லாத ஒன்றால் என்ன பயன் என்று கடந்து சென்றார். இரண்டாவதைக் கண்டதும் ஒட்டகத்தை அங்கேயே விட்டுவிட்டு முதலாவதை எடுக்கத் திரும்பி ஓடினார். அதற்குள் ஒட்டகம் போயிற்று. வீடு சேர்ந்தபோது அவரிடம் எஞ்சியவை ஹுனைனின் காலணிகள் மட்டுமே. மைதானி இத்துடன் நின்றுவிடவில்லை. இதே பழமொழிக்கு வேறொரு வரலாறு கூறுவாரும் உளர் என்று, அவ்வாறு கூறியவரின் பெயரோடு அதையும் பதிவு செய்கிறார். எதை யார் சொன்னார் என்பதை அவர் மறைக்கவில்லை. நம் கட்டுரைக்கு வேண்டிய பாடம் இந்தப் பெயர் கூறும் ஒழுக்கத்தில்தான் இருக்கிறது.

மார்க்க ஆதாரங்களை ஆய்வதற்கு ஹதீஸ் கலை வகுத்த கடுமையை உலகியற் கதைகளின் மீது அப்படியே சுமத்துவது முறையன்று. ஆயினும் அக்கலை எழுப்பும் வினாக்கள் எந்தச் செய்திக்கும் பொருந்துவன. இதைச் சொன்னவர் யார்? அவர் நிகழ்ச்சியைக் கண்டவரா, கேட்டவரா? அவருக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே எத்தனை காலம்? இடையில் அறுந்த கண்ணி உண்டா? இவ்வினாக்களைக் கையில் கொண்டு சில ஆங்கிலத் தொடர்களை அணுகுவோம்.

சாட்சி உள்ளவை

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பது ஒரு தொடர். 'ஹாப்சனின் தேர்வு' என்பது அதன் சொற்பொருள். தேர்ந்தெடுக்க இடமிருப்பதுபோல் தோன்றி, உண்மையில் கொடுப்பதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாத நிலையை அது குறிக்கும். தாமஸ் ஹாப்சன் என்பவர் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்த வண்டித் தொழிலாளர். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் இடையே கடிதங்களையும் பொருள்களையும் கொண்டு சென்றவர்; குதிரைகளை வாடகைக்கும் விட்டவர். 1631ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காலமானார். அப்போது அங்கே மாணவராயிருந்த கவிஞர் மில்டன் அவரைப் பற்றி இரண்டு நகைச்சுவைக் கவிதைகள் எழுதியுள்ளார். எனவே மனிதர் மெய்யானவர் என்பதில் ஐயமில்லை.

1660இல் சாமுவேல் ஃபிஷர் என்பவர் தம் நூலொன்றில் இத்தொடரை ஆள்கிறார். ஆளும்போதே இதனைப் பழமொழி என்று குறிப்பிடுகிறார். ஹாப்சன் மறைந்து முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் அவர் பெயர் மக்கள் நாவில் பழமொழியாகிவிட்டது என்பது இதனால் விளங்குகிறது. கதையை விரிவாகச் சொல்வது 1712இல் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழ். நாற்பது குதிரைகள் கொண்ட லாயத்தில், வாயிலுக்கு அருகில் எது நிற்கிறதோ அதைத்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது ஹாப்சனின் கட்டளையாம். நல்ல குதிரையே நாள்தோறும் ஓடி நலிந்துவிடாமல் எல்லாக் குதிரைகளுக்கும் வேலையும் ஓய்வும் முறையாகக் கிடைக்க இது வழி செய்தது. இங்கே மனிதருக்குச் சாட்சி உண்டு. தொடருக்கும் காலத்தால் நெருங்கிய சாட்சி உண்டு. கதைக்கு எண்பது ஆண்டு கழிந்த சாட்சி உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று முரணவில்லை. ஆகவே இதை ஏற்கலாம்.

இன்னொரு தொடர், 'ரீடிங் தி ரயட் ஆக்ட்' என்பது. 'கலகச் சட்டத்தை வாசித்தல்' என்று பொருள். இன்று பிள்ளைகளைத் தந்தை கண்டிப்பதையும் மாணவர்களை ஆசிரியர் எச்சரிப்பதையும் இத்தொடரால் குறிக்கின்றனர். அதன் பிறப்பிடமோ கொடியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய கலகச் சட்டம் 1715 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கலகம் செய்யக் கூடியிருந்தால், நீதிபதி அவர்கள் முன் சென்று சட்டத்தில் கண்ட அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரத்திற்குள் கலைந்து போகாதவர்க்கு மரண தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. அவர்களைக் கலைக்கும்போது உயிர்ச்சேதம் நேர்ந்தால், கலைத்தவர்க்குச் சட்டமே பாதுகாப்பளித்தது.

1819 ஆகஸ்ட் 16ஆம் நாள், மான்செஸ்டர் நகரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுப் பெருந்திரளாய்க் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். கலகச் சட்டம் வாசிக்கப்பட்டது என்றனர் நீதிபதிகள். எங்கள் செவியில் விழவில்லை என்றனர் மக்கள். ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டதா இல்லையா என்பது உயிரும் சாவும் பற்றிய வினாவாக இருந்த காலம் அது. இங்கிலாந்தில் அச்சட்டம் 1967இல் செயலிழந்தது. தொடர் மட்டும் வீடுகளிலும் பள்ளிகளிலும் வாழ்கிறது. அதன் மழ்ரிப் மென்மையாகிவிட்டது. மவ்ரித் குருதி தோய்ந்தது. பிறப்பிடம் அறிந்தவனே அத்தொடரின் முழு எடையையும் உணர்வான்.

மொழிபெயர்ப்பில் பிறந்தவை

எல்லாத் தொடர்க்கும் ஒரு நிகழ்ச்சி பின்னணியாக இருந்தாக வேண்டும் என்று எண்ணுவதும் தவறு. மயிரிழையில் உயிர் தப்புவதை ஆங்கிலேயர் 'பை தி ஸ்கின் ஆஃப் ஒன்ஸ் டீத்' என்பர். 'பற்களின் தோலோடு தப்பினேன்' என்பது சொற்பொருள். பல்லுக்கு ஏது தோல்? இது யாரோ ஓர் ஆங்கிலேயனின் கற்பனையன்று. நபி அய்யூப் (அலை) அவர்களின் துன்பத்தைப் பேசும் பழைய எபிரேய நூலில் உள்ள ஒரு தொடர் அது. 1560இல் வெளிவந்த ஜெனிவா மொழிபெயர்ப்பு அதைச் சொல்லுக்குச் சொல்லாய் ஆங்கிலத்தில் வைத்தது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பும் அவ்வாறே செய்தது. மூலத்தில் பல்லைக் குறிக்கும் 'ஷேன்' என்னும் எபிரேயச் சொல், அரபியில் நாம் அறிந்த 'ஸின்னு' என்பதன் உடன்பிறப்பு. ஆக, இன்று லண்டன் தெருவில் ஒருவர் விபத்திலிருந்து தப்பி இத்தொடரைச் சொல்லும்போது, செமித்திய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல் வழக்கொன்று அவர் வாயில் ஆங்கில உடை அணிந்து நிற்கிறது. இதன் சாட்சி அச்சிட்ட நூல்களிலேயே இருக்கிறது. கதை எதுவும் வேண்டியதில்லை.

சாட்சி இல்லாதவை

இனி மறுபுறம் நோக்குவோம். பெருமழையைக் குறிக்க 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பர். 'பூனையும் நாயுமாய்ப் பொழிகிறது' என்பது சொற்பொருள். அக்காலத்தில் வீடுகள் கூரை வேய்ந்தவை. நாயும் பூனையும் குளிருக்காகக் கூரைமேல் படுத்திருக்கும். மழையில் கூரை வழுக்கி அவை கீழே விழும். ஆதலின் இத்தொடர் பிறந்தது என்று ஒரு கதை. 1999இல் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் சுற்றிய ஒரு கட்டுரையால் இது பெரிதும் பரவியது.

இக்கதையை முதலில் அறிவால் சோதிப்போம். சாய்ந்த கூரைமேல் நாய்கள் கூட்டமாய் உறங்குமா? உறங்கினாலும், நனைந்த கூரையின் மேற்புறம் மழைக்கு ஒதுங்கும் இடமா? அடுத்துச் சாட்சியால் சோதிப்போம். நாயும் பூனையும் மழையாய்ப் பொழிவதான பேச்சு 1651இல் கவிஞர் ஹென்றி வாகனின் நூலில் காணப்படுகிறது. 1653இல் அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகம் ஒன்றில் நாயோடு பூனைக்குப் பதில் வேறொரு சிறு விலங்கு வருகிறது. இன்றைய வடிவத்திலேயே தொடரைத் தருபவர் ஜொனாதன் ஸ்விஃப்ட், ஆண்டு 1738. இவர்களுள் எவரும் கூரையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. தொடருக்கு மூன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சாட்சி உண்டு. கூரைக் கதைக்கு அக்காலத்துச் சாட்சி ஒன்றுகூட இல்லை. ஹதீஸ் கலையில் இத்தகைய செய்தியை 'மவ்ழூஃ' என்பர். இட்டுக்கட்டியது என்பது பொருள்.

இக்கதையால் எவர்க்கும் பெருந்தீங்கு இல்லை என்று சிலர் கூறலாம். தீங்கு தொடங்கும் இடம் அடுத்தது.

'பைட் தி புல்லட்' என்றால் 'துப்பாக்கிக் குண்டைக் கடி' என்று சொற்பொருள். தவிர்க்க முடியாத துன்பத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்பது கருத்து. 1857இல் நம் நாட்டுச் சிப்பாய்களிடம் கொழுப்பு தடவிய தோட்டாக்களைக் கொடுத்து, அவற்றைக் கடிக்குமாறு ஆங்கில அதிகாரிகள் வற்புறுத்தியதே இத்தொடரின் பிறப்பு என்று ஒரு விளக்கம் நிலவுகிறது. அவ்வாண்டு மே 10ஆம் நாள் மீரட்டில் மூண்ட கிளர்ச்சிக்குப் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பற்றிய அச்சம் ஒரு காரணமாயிருந்தது வரலாறு. டில்லி முதல் லக்னோ வரை அப்போரில் குருதி சிந்தியவர்களுள் நம் சமுதாயத்தவரும் உளர். ஆகவே அவ்விளக்கம் நம் செவிக்கு இனிக்கிறது. இனிக்கும் செய்தியையே முதலில் சோதிக்க வேண்டும்.

சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது மருந்தையும் குண்டையும் பொதிந்த தாளுறையைத்தான், குண்டை அன்று. அதனினும் வலிய மறுப்பு ஒன்று உண்டு. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785இல் முதன்முதல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியின் பின்பதிப்பு, 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே ஒரு செய்தியைப் பதிவு செய்கிறது. பிரிட்டிஷ் படையில் கசையடி வாங்கும் வீரன் அலறுவதை இழிவாகக் கருதி, அலறாமலிருக்க வாயில் ஒரு குண்டை இட்டு மெல்வானாம். 1857க்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே வழக்கம் இருந்திருக்கிறது. 1891இல் கிப்ளிங் எழுதிய நாவலில் இன்றைய கருத்தில் தொடர் வருகிறது. ஆக, நாம் அறியும் சாட்சியின்படி, இத்தொடர் சுட்டுவது ஆங்கிலச் சிப்பாயின் முதுகில் ஆங்கில அரசே விழச்செய்த கசையடியை. 1857இன் தியாகம் பெருமை பெற இப்பொய்க்கதை தேவையில்லை. பொய் ஒன்றைச் சேர்த்துச் சொன்னால், அதனை மறுப்பவன் மெய்யையும் சேர்த்து மறுக்க வழி பிறக்கும்.

பெருவிரல் விதி

இவ்வுண்மைக்கு மிகத் தெளிவான சான்று 'ரூல் ஆஃப் தம்' என்னும் தொடர். 'பெருவிரல் விதி' என்பது சொற்பொருள். நுட்பமான அளவின்றி அனுபவத்தால் கொள்ளும் குத்துமதிப்பான முறையை அது குறிக்கும். பெருவிரலைவிடத் தடிமன் மிகாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்று பழைய ஆங்கிலச் சட்டம் அனுமதித்தது. அதிலிருந்தே இத்தொடர் வந்தது என்று 1970களில் ஒரு விளக்கம் பரவியது. 1982இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம், அடிபடும் பெண்களுக்கு நீதி கிடைக்காத அவலத்தைப் பற்றிய தன் அறிக்கைக்கு இத்தொடரையே தலைப்பாகச் சூட்டியது.

சாட்சிகளை அழைப்போம். ஸ்காட்லாந்துப் போதகர் ஜேம்ஸ் டர்ஹாமின் உரைகள் அவர் மறைவுக்குப் பின் 1685இல் அச்சாயின. கணக்கின்றிக் கட்டும் மூடக் கொத்தர்களைச் சொல்லுமிடத்து அவர் இத்தொடரை ஆள்கிறார். 1692இல் வாட்போர்ப் பயிற்சி நூலெழுதிய வில்லியம் ஹோப், கலை அறியாமல் பழக்கத்தால் செய்வதைக் குறிக்க ஆள்கிறார். இருவர் எழுத்திலும் மனைவியுமில்லை, கோலுமில்லை. பெருவிரல் அளவுகோலாய் இருந்தது பல நாட்டு வழக்கம். பிரெஞ்சு மொழியில் பெருவிரலுக்கும் அங்குலத்துக்கும் ஒரே சொல். நம் தச்சரும் விரற்கடையால் அளந்தவர்களே.

அவ்வாறாயின் கோல் எங்கிருந்து வந்தது? 1782இல் பிரான்சிஸ் புல்லர் என்னும் ஆங்கில நீதிபதி அத்தகைய கருத்தைக் கூறினார் என்று பேச்சு எழுந்தது. கேலிச்சித்திரக்காரர் கில்ரே அவரைப் 'பெருவிரல் நீதிபதி' என்று வரைந்து எள்ளினார். அப்படியொரு தீர்ப்பு ஏட்டில் இல்லை. ஆனால் தொடருக்குச் சாட்சி இல்லை என்பதால் கொடுமைக்கும் சாட்சி இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. பழஞ்சட்டம் கணவனுக்கு மனைவியை 'மிதமாகத் திருத்தும்' உரிமை அளித்திருந்தது என்று 1765இல் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதினார்; அவ்வுரிமை தம் காலத்துக்கு முன்பே ஐயத்துக்குள்ளானதையும் உடன் குறித்தார். அமெரிக்காவின் வட கரோலினாவில், 1868ஆம் ஆண்டு வழக்கொன்றில், பெருவிரலை மிஞ்சாத பிரம்பால் அடிக்கும் உரிமையைக் கீழ்நீதிமன்றம் வெளிப்படையாகவே ஏற்றது. மேல்நீதிமன்றம் அந்த அளவுகோலை ஏற்கவில்லை. ஆனால் அடித்தவனைத் தண்டிக்கவுமில்லை. இவை நீதிமன்ற ஏட்டில் உள்ள மெய்ச்செய்திகள்.

பார்க்குங்கால், பெண்களின் வழக்குக்கு வலுவான சாட்சிகள் உண்மையிலேயே இருந்தன. அவற்றோடு சாட்சியற்ற சொற்கதை ஒன்றும் கூண்டில் ஏற்றப்பட்டது. 1994இல் ஹென்றி அன்ஸ்கர் கெல்லி என்னும் அறிஞர் அக்கதையைத் தனிக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்து மறுத்தார். சொல்லாராய்ச்சி செய்தவர் நோக்கம் நேரியது. ஆனால் இவ்வாறான மறுப்பைச் சாக்காக வைத்து, பெண்ணடிமையே கட்டுக்கதை என்று பேசுவோர்க்கும் ஒரு வாயில் திறந்துவிடுகிறது. நீதி கேட்பவன் பொய்ச் சாட்சியை அழைக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே. பொய்ச் சாட்சி பிடிபடும் நாளில் மெய்ச் சாட்சியும் ஐயத்துக்கு ஆளாகிறது.

ஆண்டோடு கூடிய மேற்கோள்

இத்துறையில் ஆங்கிலேயர் தம் மொழிக்குச் செய்துகொண்ட நற்பணி ஒன்றைப் பாராட்டாமலிருக்க இயலாது. 1857இல் லண்டன் மொழியியற் கழகத்தில் வித்திட்டு, 1879 முதல் ஜேம்ஸ் மர்ரேயின் பொறுப்பில் வளர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. ஊதியம் கருதாத வாசகர்கள் நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தையும் நூற்பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் சிறு தாளில் எழுதி அனுப்பினர். அத்தாள்கள் கால வரிசையில் அடுக்கப்பட்டன. முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. மர்ரே 1915இல், பணி முடியுமுன்பே மறைந்தார். 1928இல் நிறைவுற்ற அகராதியில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்குச் சுமார் 18 லட்சம் மேற்கோள்கள் இருந்தன. கூரைக் கதை, தோட்டாக் கதை, கோல் கதை ஆகியவற்றை இன்று சோதிக்க முடிகிறது என்றால், இவ்வாறு ஆண்டோடு மேற்கோள் திரட்டும் முறை வேரூன்றியதே காரணம்.

இம்முறை நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் கலீல் இப்னு அஹ்மது 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதிக்கு அடித்தளமிட்ட காலந்தொட்டு, பாலைநிலத்து அரபிகளிடம் கேட்டறிந்த சொல்லைச் சொன்னவர் பெயரோடு குறித்து வைத்த மரபு அரபு மொழிக்கு உண்டு. நம் பெரியோர் அறிந்த ஒழுக்கத்தை நம் பிள்ளைகளின் துணைநூல்கள் மறந்துவிடலாகாது.

எனவே மரபுத் தொடர்களைப் பயிற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. பொருளைக் கற்பியுங்கள்; அது வழக்கினால் நிலைபெற்றது. கதையைக் கூறும்போது அது யார் கூறியது, எந்த ஆண்டில் கூறியது என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். சாட்சி கிடைக்காவிடில், இதன் பிறப்பு அறியப்படவில்லை என்று மாணவரிடம் தயங்காது சொல்லுங்கள். 'அறியேன் என்பது அறிவின் பாதி' என்பது அரபிகளின் வழக்கு. அந்தப் பாதியை மாணவன் உங்களிடம் கற்றுக்கொண்டால், மறுபாதியைத் தானே தேடிச் செல்வான்.